அரபி தெரியாத அரபு நாடா? அல்ஜீரியாவின் மொழிச் சண்டை... ஒரு விரிவான பார்வை

2019 மார்ச் 11 இரவு. அல்ஜீரியத் தலைநகர் அல்ஜியர்ஸில் தெருவெல்லாம் கூட்டம். 20 வருஷமாக நாற்காலியில் இருந்த அதிபர் பூத்தஃப்லிக்கா, ஐந்தாவது முறையாகப் போட்டியிடப் போவதில்லை என்று சற்று முன்புதான் அறிவித்திருந்தார். வளைகுடா நாட்டு செய்தி சேனல் ஒன்றின் நிருபர், மக்கள் மகிழ்ச்சியில் இருக்கிறார்கள் என்று நேரலையில் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது ஓர் இளைஞர் குறுக்கே புகுந்தார். ஒருத்தர் போனால் போதாது, எல்லாரும் போகணும் என்று உள்ளூர் பாணியில் சொன்னார்: "யெத்னஹாவ் கா".

நிருபர் அவரை அரபியில் பேசச் சொன்னார். எனக்கு அரபி தெரியாது, இது எங்க தாரிஜா என்று அவர் பதில் சொன்னார்.

அந்த வீடியோ வைரலானது. 'யெத்னஹாவ் கா' அடுத்த பல மாதங்களுக்குப் போராட்டத்தின் முழக்கமாகவே ஆகிவிட்டது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இதில் ஒரு குழப்பம் வரும். அல்ஜீரியா அரபு லீக்கில் இருக்கிறது. அரபி அங்கே ஆட்சி மொழி. அப்புறம் எப்படி அரபி தெரியாது?

ஒரே பெயர், இரண்டு மொழி

பாடப்புத்தகம், செய்தி வாசிப்பு, நீதிமன்றம் எல்லாம் 'ஃபுஸ்ஹா' எனப்படும் எழுத்து அரபியில் இருக்கும். வீடு, சந்தை, காதல், கோபம் எல்லாம் தாரிஜாவில். அடிப்படை அரபிதான் என்றாலும் தாரிஜாவில் பெர்பர் மொழிகளின் சாயலும் ஏராளமான பிரெஞ்சுச் சொற்களும் கலந்திருக்கும். வேகமாகப் பேசினால் வளைகுடாக்காரர்களுக்குப் பாதி புரியாது.

தமிழ் வாசகர்களுக்கு இது ரொம்ப அந்நியமான விஷயம் இல்லை. 'வந்து கொண்டிருக்கிறார்கள்' என்று எழுதிவிட்டு 'வந்துட்டு இருக்காங்க' என்று பேசுகிறவர்கள்தானே நாம். இப்படி ஒரே சமூகத்தில் எழுத ஒரு வடிவம், பேச ஒரு வடிவம் இருப்பதைப் பற்றி மொழியியலாளர் சார்லஸ் ஃபெர்குசன் 1959-ல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை அரபியை முக்கிய உதாரணமாக எடுத்துக்கொண்டது. அதே கட்டுரையில் தமிழும் இந்த வரையறைக்குக் கச்சிதமாகப் பொருந்துவதாகக் குறிப்பிடப்பட்டிருக்கிறது. ஆனால் அல்ஜீரியாவில் இந்த இடைவெளி இன்னும் பெரியது. போதாததற்கு, நடுவில் மூன்றாவதாக பிரெஞ்சு உட்கார்ந்திருக்கிறது. நான்காவதாக, அரபிக்கு முன்பிருந்தே அந்த மண்ணில் இருக்கும் தமாஸைட்.

சொந்த ஊரில் 'அந்நிய மொழி'

பிரான்ஸ் 1830-ல் நுழைந்தது, 1962-ல் வெளியேறியது. இடைப்பட்ட 132 ஆண்டுகளில் பள்ளி, அலுவலகம், பதவி எல்லாவற்றுக்கும் பிரெஞ்சுதான் வாசல். 1938-ல் வந்த ஓர் ஆணை அரபியை அல்ஜீரியாவிலேயே அந்நிய மொழியாக வகைப்படுத்தியது. இது சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனால் பின்னால் நடந்த பலதுக்கும் விதை இங்கேதான் இருக்கிறது. மதம், மொழி, தாய்நாடு மூன்றையும் ஒன்றாகக் கட்டி, அரபியே எங்கள் மொழி என்று உலமாக்கள் சங்கம் பிரசாரம் செய்தது. அதன் தலைவர் பென் பாதிஸ் பெர்பர் வம்சாவளியைச் சேர்ந்தவர் என்பது கவனிக்க வேண்டிய செய்தி. அன்றைக்கு அரபி, பெர்பர்களுக்கு எதிரான ஆயுதம் இல்லை. அது பிரான்ஸுக்கு எதிரானது.

விடுதலைக்குப் பிறகு கதை மாறுகிறது. முதல் அதிபராக வரவிருந்த பென் பெல்லா, 1962-ல் 'நாங்கள் அரபியர்' என்பதை மூன்று முறை அழுத்திச் சொன்னார். பள்ளிகளை அரபிமயமாக்க ஆசிரியர்கள் போதவில்லை. எகிப்திலிருந்தும் சிரியாவிலிருந்தும் ஆள் வரவழைக்கப்பட்டது. அவர்கள் பேசிய அரபி குழந்தைகளுக்குப் புரியவில்லை, குழந்தைகள் பேசியது அவர்களுக்குப் புரியவில்லை.

உண்மையான அடி விழுந்தது பல்கலைக்கழகத்தில். பள்ளி முழுக்க அரபியில் படித்த மாணவர், மருத்துவமோ பொறியியலோ சேர்ந்தால் பாடம் பிரெஞ்சில். வங்கி, எண்ணெய் நிறுவன வேலைக்கும் பிரெஞ்சு தேவை. வீட்டில் பிரெஞ்சு இருந்த குடும்பத்துப் பிள்ளைகள் தப்பித்தார்கள். கிராமத்திலிருந்து வந்தவர்கள் திணறினார்கள். மேடையில் அரபி பேசும் தலைவர்கள் தங்கள் பிள்ளைகளைப் பிரெஞ்சுப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள் என்ற விமர்சனம் அங்கே பழசு. (எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா?)

ஒரு கவிதை உரையால் வெடித்த போராட்டம்

1980 மார்ச். எழுத்தாளர் மூலூத் மம்மெரி, கபிலியா பகுதியின் தீஸி ஊஸூ நகரில் பழைய கபைல் கவிதைகள் பற்றிப் பேச வேண்டியிருந்தது. அரசு தடை போட்டது. தேர்தலோ, வரியோ, விலைவாசியோ இல்லை, ஒரு கவிதை உரை! ஆனால் அதிலிருந்து வெடித்ததுதான் 'பெர்பர் வசந்தம்'.

அடுத்த 36 ஆண்டுகள் அந்தக் கணக்கு தீரவில்லை. அரபியை எல்லா இடத்திலும் கட்டாயமாக்கும் சட்டம் 1998 ஜூலையில் அமலுக்கு வரவிருந்த நேரம். சில நாள்களுக்கு முன்பு, கபைல் மக்களின் அபிமானப் பாடகர் லூனெஸ் மதூப் சுட்டுக்கொல்லப்பட்டார். கபிலியா கொந்தளித்தது. 2001-ல் போலீஸ் காவலில் ஒரு மாணவர் சுடப்பட்டு இறந்ததை அடுத்து மீண்டும் போராட்டம், துப்பாக்கிச்சூடு, பல டஜன் உயிர்கள். 2002-ல் தமாஸைட் 'தேசிய மொழி' ஆனது. 2016-ல்தான் 'ஆட்சி மொழி' ஆனது. அதை அரபி, லத்தீன், திஃபினாக் ஆகிய மூன்றில் எந்த எழுத்தில் எழுதுவது என்ற தகராறு இன்னும் ஓயவில்லை.

எழுத்தாளர்கள் என்ன செய்தார்கள்?

இந்தச் சிக்கலை அதிகம் அனுபவித்தவர்கள் எழுத்தாளர்கள்தான். காதெப் யாசின் 1956-ல் பிரெஞ்சில் எழுதிய 'நெத்ஜ்மா', அல்ஜீரிய இலக்கியத்தின் மைல்கல். பிரெஞ்சைப் போரில் கிடைத்த கொள்ளைப்பொருள் என்று வர்ணித்தவர் அவர். அதாவது அது எதிரியுடையதுதான், ஆனால் நாங்கள் ஜெயித்துப் பிடுங்கியது. அவரே 1970-களில் பிரெஞ்சு நாவலை விட்டுவிட்டு, தொழிலாளர்கள் முன்னால் தாரிஜாவில் நாடகம் போடப் போய்விட்டார். தான் எழுதியதைத் தன் ஊர்க்காரர்களில் பெரும்பாலானோரால் படிக்க முடியாது என்றால் எழுத்தாளர் வேறென்ன செய்வார்?

மாலெக் ஹத்தாத் இன்னும் கடுமையான முடிவெடுத்தார். பிரெஞ்சே தனக்கு நாடுகடத்தல் என்று சொன்ன அவர், விடுதலைக்குப் பிறகு பிரெஞ்சில் நாவல் எழுதுவதையே நிறுத்திவிட்டார். அரபியில் எழுதும் அளவுக்கு அவருக்கு அரபி வசப்படவில்லை. மிஞ்சியது மௌனம். 1993-ல் வெளியான தன் அரபு நாவல் 'தாகிரத் அல்-ஜசத்'தை அவருக்குச் சமர்ப்பணம் செய்தார் அஹ்லாம் முஸ்தகானிமி. பிறகு அது அரபு உலகம் முழுக்க விற்றுத் தீர்ந்தது. ஒரு தலைமுறையின் வாயை அடைத்த மொழி, அடுத்த தலைமுறைப் பெண்ணுக்குக் கைகொடுத்தது.

நேர் எதிர்த் திசையில் போனவர் அசியா ஜெபார். அவர் பிரெஞ்சிலேயே எழுதி, 2005-ல் பிரெஞ்சு அகாதமிக்குத் தேர்வான முதல் மக்ரெப் எழுத்தாளர் ஆனார். 2024-ல் கமெல் தாவூத், 'ஹூரி'க்காக பிரான்ஸின் உயரிய கோன்கூர் விருது பெற்றார். 1990-களின் உள்நாட்டுப் போரைப் பேசும் அந்த நாவல் அல்ஜீரியாவில் வெளியாகவில்லை. அவருடைய பதிப்பகத்துக்கு அந்த ஆண்டு அல்ஜியர்ஸ் புத்தகக் கண்காட்சியில் இடமும் கிடைக்கவில்லை. இதில் பிரச்சினை மொழி மட்டும் இல்லை. ஆனால் பிரெஞ்சில் எழுதி பிரான்ஸில் பாராட்டு வாங்குகிறவர் யாருக்காக எழுதுகிறார் என்ற கேள்வி உள்ளூரில் எளிதாகப் பற்றிக்கொள்ளும்.

இப்போ ஆங்கிலம்

2022-ல் அதிபர் தெப்பூன் புது அறிவிப்பு விட்டார். அந்த ஆண்டு செப்டம்பரிலிருந்து மூன்றாம் வகுப்பிலேயே ஆங்கிலம். பிரெஞ்சு போரில் கிடைத்த பொருள்தான், ஆனால் ஆங்கிலம்தான் சர்வதேச மொழி என்பது அவர் சொன்ன காரணம். காதெப் யாசினின் உவமையை எடுத்தே பிரெஞ்சை ஓரங்கட்டியது நல்ல சாமர்த்தியம்!

இளைஞர்களிடம் இதற்கு வரவேற்பு இருக்கிறது. ஆங்கிலத்துக்குக் காலனியச் சுமை கிடையாது, வேலைக்கும் இணையத்துக்கும் உதவும். அரபிப் பற்றாளர்களுக்கும் சந்தோஷம், பழைய எஜமான் மொழி போனால் சரி. ஆனால் நடைமுறை வேறு. வீட்டில் தாரிஜாவோ கபைலோ பேசும் குழந்தை, பள்ளியில் முதலில் ஃபுஸ்ஹாவைச் சந்திக்கிறது. அது பழகுவதற்குள் மூன்றாம் வகுப்பில் பிரெஞ்சும் ஆங்கிலமும் ஒரே ஆண்டில் வருகின்றன. பல்கலைக்கழகப் பாடங்களையும் ஆங்கிலத்துக்கு மாற்ற அரசு அழுத்தம் கொடுக்கிறது. ஆனால் அங்கே பாடம் எடுப்பவர்கள் பெரும்பாலும் பிரெஞ்சில் படித்து வந்தவர்கள்.

வீட்டு மொழியிலேயே தொடங்கலாமே என்ற யோசனை வராமல் இல்லை. 2015-ல் அன்றைய கல்வி அமைச்சர் நூரியா பெங்கப்ரித் பக்கமிருந்து, ஆரம்ப வகுப்புகளில் தாரிஜாவைப் பயன்படுத்தலாம் என்ற பேச்சு எழுந்தது. குர்ஆனின் மொழியை ஒழிக்கப் பார்க்கிறார், பிரான்ஸின் ஆள் என்றெல்லாம் வசை. யோசனை அத்தோடு கிடப்பில் போனது.

போனில் மட்டும் தாரிஜாவுக்கு யார் அனுமதியும் தேவைப்படவில்லை. நாம் தங்கிலீஷில் தட்டுவது போல அங்கே தாரிஜாவை லத்தீன் எழுத்தில் தட்டுகிறார்கள். லத்தீனில் இல்லாத அரபு ஒலிகளுக்கு எண்கள்தான்: 'ஐன்' எழுத்துக்கு 3, அழுத்தமான 'ஹா'வுக்கு 7. அன்றிரவு அந்த இளைஞர் சொன்ன 'யெத்னஹாவ் கா'வும் பல பதாகைகளில் அப்படியேதான் வந்தது, கடைசியில் ஒரு 3 போட்டு.