எந்தக் கிளைக்கு எது ஜோடி?

ஒரே கம்ப்யூட்டர் புரோகிராமில் பத்துப் பேர் கை வைக்கும்போது, யார் எதை மாற்றினார்கள் என்று கணக்கு வைக்க ஒரு கணக்குப்பிள்ளை தேவை. உலகெங்கும் புரோகிராமர்கள் பெரிதும் நம்பியிருக்கும் கணக்குப்பிள்ளை, 'கிட்'. லினக்ஸ் குழு பயன்படுத்திவந்த பிட்கீப்பர் மென்பொருளின் இலவச உரிமம் பறிபோனதால், லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் எழுதியது.

கிட் முறையில் புதிய வேலையைத் தன் கம்ப்யூட்டரில் ஒரு தனிக் 'கிளை'யில் செய்து, பிறகு பொதுச் சேமிப்பகத்துக்கு அனுப்ப வேண்டும். இங்குள்ள கிளைக்கு அங்கே எது ஜோடி? பெயர் ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது. பதிவு செய்ய வேண்டும். முதல் முறை அனுப்பும்போது 'செட் அப்ஸ்ட்ரீம்' என்று சேர்த்துச் சொன்னால், எந்தச் சேமிப்பகம், எந்தக் கிளை என்று கிட் குறித்துக்கொள்ளும். பிறகு 'இரண்டு மாற்றம் முன்னே, மூன்று பின்னே' என்று நிலவரமும் சொல்லும். ஆனால் அது கடைசியாகத் தகவல் பெற்ற நேரத்து நிலவரம். அதன் பிறகு சக ஊழியர் அனுப்பியது அதில் தெரியாது.

எந்தக் கிளை என்று சொல்லாமல் வெறுமனே 'புஷ்' என்றால்? பல ஆண்டுகள் கிட்டின் வழக்கம் விபரீதமாக இருந்தது. இரு பக்கமும் ஒரே பெயருள்ள கிளைகள் அத்தனையையும் அது அனுப்பும். மாதக்கணக்கில் தொடாத பழைய கிளையும் கிளம்பும். சாதாரணமாக அதைச் சேமிப்பகம் ஏற்காது. அவசரத்தில் 'ஃபோர்ஸ்' என்றும் சேர்த்துவிட்டால் தொலைந்தது: புதியதன் இடத்தில் பழையது அமரும், பிறர் உழைப்பு பொதுக் கிளையிலிருந்து மறையும்.

2014 மே மாதம் வெளியான 2.0 பதிப்பில் இந்த வழக்கம் மாறியது. இப்போது, வேலை நடக்கும் கிளை மட்டுமே போகும். அதுவும் ஜோடியின் பெயர் ஒத்திருந்தால்தான். ஜோடி பதிவாகாவிட்டால் கிட் மறுத்துவிட்டு, தர வேண்டிய கட்டளையைக் காட்டும். புதியவர்களுக்கு இது எரிச்சல். அவர்களுக்காக 2022இல் வந்த 2.37 பதிப்பில், ஜோடியைத் தானே பதிவு செய்யும் வசதியும் வந்தது. வேண்டுபவர்கள் அதை இயக்கிக்கொள்ளலாம்.

ஆனால் ஆபத்து முற்றிலும் போய்விடவில்லை. 2.0 வருவதற்கு முன்பே கிட் திரையில் எச்சரித்தது. அந்தத் தொல்லையை நிறுத்த, பழைய வழக்கமான 'மேட்சிங்'கையே நிரந்தரமாக எழுதிவைக்கும் கட்டளையும் அந்த எச்சரிக்கையிலேயே இருந்தது. அப்படி எழுதிய அமைப்புக் கோப்பைக் கம்ப்யூட்டர் மாறும்போதெல்லாம் நகலெடுத்து வருபவருக்கு, எந்தப் புதிய பதிப்பிலும் பழைய வழக்கமே நீடிக்கும். 'ஃபோர்ஸ்' என்று தட்டும் முன் அந்தக் கோப்பை ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது.