கோரிக்கை: கேட்பதா, கட்டளையிடுவதா?



இம்மாதம் ‘கோரிக்கை’ என்ற ஒரேயொரு சொல்லைப் பற்றிப் பேசுவோம். இச்சொல்லைத் தவறாக விளங்கிக்கொண்டதால் ஓர் அக்கா தன் பக்க நியாயத்தைச் சொல்லும் வாய்ப்பையே இழக்க இருந்தார். அதனால்தான் எழுதுகிறேன்.

வன்னியில் ஒரு கிராமம். முதியோர் கொடுப்பனவு தொடர்பாக அவருடைய வீட்டுக்குப் போயிருந்தேன். தாயாரின் அடையாள அட்டையைத் தேடியபோது, சுவரில் தொங்கிய கலண்டரின் பின்னாலிருந்து நான்கு கடிதங்கள் விழுந்தன.

“இதென்ன அக்கா?”

“கோழி வளர்க்க லோன் எடுத்தனான் தங்கச்சி. கொஞ்சக் காலம் ஒழுங்காக் கட்டினன், பிறகு ஏலாமப் போச்சு. அதைத்தான் கேட்டிருக்கினம். முதல் வந்தது இங்கிலீசில. பக்கத்து வீட்டு ரீச்சர் வாசிச்சுப்போட்டுக் கோரிக்கைக் கடிதம் எண்டவா. கோரிக்கைதானே, காசு வந்தாப் பிறகு பதில் சொல்லுவம் எண்டு வைச்சிட்டன். மற்றதுகளும் அதுதான்.”

மற்றவை அது அல்ல. மத்தியஸ்த சபை, நீதிமன்றம், மீண்டும் நீதிமன்றம் என ஒவ்வொன்றும் ஒவ்வோர் இடத்திலிருந்து வந்திருந்தது. எல்லாவற்றையும் ‘கேட்டிருக்கினம்’ என்ற ஒரே சொல்லுக்குள் அவர் அடக்கிவிட்டார்.

சொல் என்ன சொல்கிறது?

அக்காவைக் குறை சொல்ல முடியாது. ‘கோருதல்’ என்றால் விரும்புதல், வேண்டிக் கேட்டல். தெலுங்கிலும் ‘கோரிக’ என்றால் விருப்பம்தான். நாமும் இச்சொல்லைக் கீழிருந்து மேல் நோக்கியே பயன்படுத்தி வந்திருக்கிறோம். வீதி திருத்தித் தரும்படி பிரதேச சபைக்குக் கோரிக்கை, ஆசிரியர் வேண்டுமென்று வலயக் கல்வி அலுவலகத்துக்குக் கோரிக்கை. மலையகச் சகோதரிகள் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் வேண்டுமென்று பல ஆண்டுகள் கோரினார்கள். அது வர்த்தமானியில் வந்தது 2021 மார்ச்சில்தான். இப்படிக் கேட்டுக் கேட்டுக் காத்திருந்தே பழகிய நமக்கு, கோரிக்கை என்றால் மற்றவர் தரலாம், தராமலும் விடலாம் என்றே தோன்றும்.

அதே சொல் மேலிருந்து கீழே வரும்போது எடை மாறிவிடுகிறது. சட்டத்தரணியின் ‘கோரிக்கைக் கடிதம்’ தயவாய்க் கேட்பது அல்ல. இத்தனை நாட்களுக்குள் இவ்வளவு பணத்தைச் செலுத்து, தவறினால் வழக்கு என்பதே அதன் பொருள்.

நான்கு கடிதங்கள்

முதலாவது, அந்தக் கோரிக்கைக் கடிதம். இது நீதிமன்றக் கட்டளை அல்ல. பயந்து ஓடத் தேவையில்லை. ஆனால் பதில் எழுத வேண்டும். எவ்வளவு கட்டினேன், எந்தக் கணக்கு பிழை, எவ்வளவு அவகாசம் வேண்டும் என்று எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்துக்கொள்ளுங்கள். கொடுக்கல் வாங்கல் பற்றிய கடிதத்துக்கு மௌனமாக இருந்தால், ஒப்புக்கொண்டதாகக் கருதப்படவும் இடமுண்டு.

இரண்டாவது, மத்தியஸ்த சபையின் அறிவித்தல். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த சபை இது. அங்கே சட்டத்தரணிகள் வாதாடுவதில்லை. இரு தரப்பினரும் நேரில் பேசலாம். இணங்கும்படி உங்களை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. போகாமல் விட்டால், இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழோடு மற்றவர் நீதிமன்றம் செல்வார். நம் பேச்சு எடுபடக்கூடிய மிக எளிய இடத்தை அக்கா இப்படித்தான் தவறவிட்டார்.

மூன்றாவது, அழைப்பாணை. இங்கேயும் சொல் ஏமாற்றும். அழைப்பு என்றதும் கல்யாண அழைப்பு நினைவுக்கு வருகிறது. அதன் பின்பாதியைப் பாருங்கள்: ஆணை. குறித்த நாளில் நீதிமன்றம் போகாவிட்டால், நாம் இல்லாமலே ஒருதலைப்பட்சமாக வழக்கு விசாரிக்கப்படும். அன்று அக்கா தாயாரை ஆஸ்பத்திரி வாட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டவர்களுக்குப் பிறகு சொல்லலாம் என்று இருந்துவிட்டார்.

நான்காவது, தீர்ப்பாணையின் பிரதி. பிஸ்கால் கொண்டுவந்து கொடுக்க, கையெழுத்து வைத்து வாங்கியிருந்தார். வாங்கிய திகதியைக் கேட்டேன். விரல் விட்டு எண்ணினோம். பதினொரு நாள். எனக்குக் கை நடுங்கியது. வராமல் போனதற்கு நியாயமான காரணம் இருந்தால், தீர்ப்பாணை கையில் கிடைத்த 14 நாட்களுக்குள் அதே நீதிமன்றத்தில் விண்ணப்பித்து, அதை நீக்கும்படி கேட்கலாம். எஞ்சியிருந்தவை மூன்றே நாட்கள்.

அடுத்த நாட் காலை முதல் பஸ்ஸில் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்குப் போனோம். வசதி குறைந்தவர்களுக்குச் சட்ட உதவி வழங்க 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைக்கப்பட்டது அது. ஆஸ்பத்திரித் துண்டையும் சத்தியக் கடதாசியையும் சேர்த்து, விண்ணப்பம் உரிய நாளுக்குள் நீதிமன்றத்துக்குப் போயிற்று. வழக்கு மீண்டும் எடுக்கப்பட்டது. கடன் மறைந்துவிடவில்லை. ஆனால் கட்டிய தவணைகளைக் குறித்து வைத்திருந்த கொப்பியை அக்கா நீதிமன்றத்தில் காட்டினார். கணக்கில் சேராமல் விடுபட்ட தவணைகள் சேர்க்கப்பட்டன. மிச்சத்தை மாதாமாதம் கட்ட இரு தரப்பும் இணங்கினார்கள். இப்போது கட்டி வருகிறார்.

என் பங்கு

பல்கலைக்கழகத்தில் மக்ஸ் வெபரைப் படித்தேன். நவீன நிர்வாகம் எழுத்து ஆவணங்களின் மேல்தான் நடக்கிறது என்றார் அவர். பரீட்சையில் அதை அழகாக எழுதிப் புள்ளியும் வாங்கினேன். ஆனால் அந்தக் கிராமத்தில் இரண்டு வருடங்களாக மகளிர் கூட்டம் நடத்தியும், “வீட்டுக்கு என்ன கடிதம் வந்தது?” என்று ஒருநாளும் கேட்கவில்லை. சேமிப்பைப் பற்றிப் பேசினேன், சிறுதொழிலைப் பற்றிப் பேசினேன். கலண்டரின் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. இப்போது ஒவ்வொரு கூட்டமும் அந்தக் கேள்வியோடுதான் தொடங்குகிறது.

கடிதம் வந்தால் மூன்று விடயங்களைப் பாருங்கள். யார் அனுப்பியது: நிறுவனமா, சட்டத்தரணியா, சபையா, நீதிமன்றமா? எத்தனையாந் திகதிக்குள் என்ன செய்ய வேண்டும்? செய்யாவிட்டால் என்ன நடக்கும்? விளங்காத மொழியில் வந்தால் அன்றே ஒருவரிடம் காட்டுங்கள். கிடைத்த திகதியைக் கடித உறையில் எழுதி, உறையையும் பத்திரப்படுத்துங்கள்.

இன்னொன்று. கோரிக்கை அவர்கள் கையில் மட்டும் இருக்கும் சொல் அல்ல. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, அரச அலுவலகம் ஒன்றிடம் தகவல் கோரினால் அது ஏன் வேண்டும் என்று நீங்கள் காரணம் சொல்லத் தேவையில்லை. எழுத முடியாதவர் வாயால் சொன்னால், தகவல் அலுவலரே அதை எழுத்தில் பதிய வேண்டும். தகவலைத் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். இங்கே நாட்களை எண்ண வேண்டியவர் அலுவலர்.

சென்ற மாதம் அந்த அக்கா தாயாரின் கொடுப்பனவு விண்ணப்பம் எந்த நிலையில் உள்ளதென்று அறிய, பிரதேச செயலகத்தில் இவ்வாறு ஒரு கோரிக்கை கொடுத்தார். கிடைத்ததென்று எழுதிக் கொடுத்த துண்டை என்னிடம் காட்டினார்.

“இந்த முறை நான் கேட்டிருக்கிறன் தங்கச்சி. திகதியும் போட்டு வைச்சிருக்கிறன்.”