ஒரு சிட்டிகை எர்பியம்

சென்னையில் இருக்கும் அத்தையோடு வீடியோ காலில் பேசுகிறீர்கள். உங்கள் குரல் எந்த வழியாகப் போகிறது? செயற்கைக்கோள் என்றுதான் பலரும் சொல்வார்கள். ஆனால் பெரும்பாலும் அது கடலுக்கு அடியில் போகிறது. சிங்கப்பூரையும் சென்னையையும் இணைக்கும் 'ஐ2ஐ' கேபிளின் நீளம் மட்டும் சுமார் 3,200 கிலோமீட்டர்.

கேபிளுக்குள் இருப்பது தலைமுடி போன்ற மெல்லிய கண்ணாடி இழை. அதில் ஓடும் ஒளி, 100 கிலோமீட்டர் போவதற்குள் ஏறக்குறைய நூறில் ஒரு பங்காகத் தேய்ந்துவிடும். அதனால் வழிநெடுக அதற்குத் தெம்பூட்ட வேண்டும். அந்த வேலையைச் செய்வது எர்பியம் என்ற அரிய மண் தனிமம். எர்பியம் கலந்த சில மீட்டர் கண்ணாடி இழைக்கு லேசரால் ஆற்றல் ஊட்டுகிறார்கள். தேய்ந்து வரும் ஒளி அதற்குள் நுழைந்ததும், எர்பியம் அதே அலைநீளத்தில் தன் ஒளியையும் சேர்த்து அனுப்புகிறது. இங்கிலாந்தின் சௌத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் டேவிட் பெய்ன் குழுவினர் 1987-இல் இதைச் செய்து காட்டினார்கள். இன்றைய இணையம் அதன்மேல்தான் நிற்கிறது.

இப்போது அதே வேலையை நகத்தளவு சிப்பில் செய்யப் பார்க்கிறார்கள். சிப்பில் மீட்டர் கணக்கில் இழை வைக்க இடம் ஏது? மிக மெல்லிய கண்ணாடிப் படலம்தான் வைக்கலாம். வழி குறுகிவிட்டால் எர்பியத்தைக் கூடுதலாகப் போட வேண்டியதுதானே?

அங்கேதான் சிக்கல். அளவு மிஞ்சினால் ஒளி கூடாது, குறையும். ஒலிபரப்புக் கூடத்தில் இரண்டு விருந்தினரை நெருக்கமாக உட்கார வைத்தால், மைக்கை மறந்து ஒருவர் காதில் ஒருவர் கிசுகிசுக்கத் தொடங்கிவிடுவார்கள். நேயருக்கு ஒன்றும் கேட்காது. எர்பியமும் அப்படித்தான். நெருங்கி உட்கார்ந்தால் ஆற்றலை ஒளியாக வெளியே விடாமல் பக்கத்தில் இருப்பதற்கே கொடுத்துவிடும். கடைசியில் அது வெப்பமாக வீணாகும். கண்ணாடியில் கொஞ்சம் ஈரம் தங்கியிருந்தாலும் இதே கதைதான்.

பரிகாரம் என்ன? எர்பியத்தைத் தள்ளித் தள்ளி உட்கார வைக்கும் கண்ணாடியைத் தேர்ந்தெடுப்பது, படலத்தைச் சூடேற்றிப் பதப்படுத்துவது, ஈரத்தைப் போக்குவது. லேசர் ஆற்றலை நன்றாக வாங்கி எர்பியத்துக்குக் கைமாற்றும் இட்டெர்பியத்தைத் துணைக்குச் சேர்ப்பதும் உண்டு. 2022-இல் சுவிட்சர்லாந்தின் லொசான் நகர ஆய்வாளர்கள் அரை மீட்டர் வரை நீளும் ஒளிப்பாதையைச் சிப்பிலேயே சுருளாகச் சுற்றி, அதில் எர்பியத்தைப் பதித்து, ஒளியை ஆயிரம் மடங்குக்கு மேல் பெருக்கிக் காட்டினார்கள்.

இது எங்கோ நடக்கும் சங்கதி அல்ல. நம் ஜொகூரில், ஸ்கூடாய் யூடிஎம் பல்கலைக்கழகத்தில் எர்பியம் கலந்த தெல்லூரைட் கண்ணாடியில் வெள்ளி நுண்துகள்களைச் சேர்த்து ஒளிர்வைக் கூட்டும் ஆய்வுகள் பல ஆண்டுகளாக நடக்கின்றன. வெள்ளிக்கும் அளவு உண்டு. மிஞ்சினால் ஒளி மங்கும்.

அரிய மண் என்றாலே நமக்கு நினைவுக்கு வருவது கெபேங் ஆலையும் கழிவு பற்றிய வாக்குவாதமும்தான். பதப்படுத்தாத அரிய மண்ணின் ஏற்றுமதிக்குத் தடை வரும் என்று 2023 செப்டம்பரில் பிரதமர் அறிவித்தார். நல்லது. ஆனால் மண்ணை வைத்திருப்பது மட்டும் போதாது. அதை எவ்வளவு, எங்கே, எப்படிப் போடுவது என்று தெரிந்தவர்களிடம்தான் லாபம் போய்ச் சேரும்.

எஸ்பிஎம் முடித்த பிள்ளை மருத்துவம், சட்டம் என்ற பட்டியலோடு வந்து நிற்கும்போது, பெற்றோரே, பொருளறிவியல் என்ற படிப்பையும் அதில் ஒரு வரி சேர்த்து வையுங்கள். அதைப் படித்த நம் பிள்ளைகள் இங்கே வேண்டும்.