பூட்டிய பேட்டரி, திறந்து கிடக்கும் பயணம்

வடசென்னையின் மூலக்கொத்தளம் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் கீழே இரவில் நிற்கும் மின்சார ஸ்கூட்டர்களில் பலவற்றுக்குள் ஒரு சிம் இருக்கிறது. இயந்திரங்களுக்கான இந்த வகை சிம்களுக்கென்றே தொலைத்தொடர்புத் துறை 2018இல் 13 இலக்க எண் முறையைக் கொண்டுவந்தது. வண்டி எங்கே நிற்கிறது, எப்போது சார்ஜ் ஏறுகிறது, எந்த வேகத்தில் போய்வந்தது என்ற விவரமெல்லாம் அதன் வழியே நிறுவனத்தின் சர்வருக்குப் போகிறது. தவணை கட்டுகிறவருக்கு அந்த எண்கூடத் தெரியாது.

அதே மனிதர் “முன்ன மாதிரி ஓட மாட்டேங்குது” என்று பக்கத்துத் தெரு மெக்கானிக்கிடம் போனால், அவர் கையைப் பிசைகிறார். என்ஜின் சத்தத்தைக் காதால் கேட்டே கோளாறைச் சொல்லிவிடும் கைகாரர்கள் ராயபுரத்திலும் பழைய வண்ணாரப்பேட்டையிலும் உண்டு. பேட்டரிக்கோ சத்தம் கிடையாது. அதற்குள் வரிசையாகக் கோத்த செல்களில் ஒன்று நலிந்தாலும், அதன் மின்னழுத்தம் எல்லைக்குக் கீழே இறங்கியதும் மேலாண்மைச் சுற்று மொத்தப் பேட்டரியையும் நிறுத்திவிடும். திரையில் 30 சதவீதம் மிச்சம் காட்டிக்கொண்டிருக்கும்போதே வண்டி நடுரோட்டில் நின்றுபோவது இதனால்தான். எந்த செல் நலிந்தது என்பது அந்தச் சுற்றுக்குத் தெரியும். ஆனால், அதைப் படிக்கும் மென்பொருள் பெரும்பாலும் நிறுவனத்தின் சர்வீஸ் மையத்தைத் தாண்டி வெளியே வருவதில்லை.

மறைக்க வேண்டியதைத் திறந்துவிட்டு, திறக்க வேண்டியதைப் பூட்டி வைத்திருக்கிறோம். மின்வாகனத் தரவுச் சிக்கலின் வேர் இதுதான்.

பேட்டரியைக் கண்காணிக்கவே கூடாது என்று யாரும் சொல்ல முடியாது. 2022 மார்ச்சில் வேலூரில் இரவு சார்ஜில் இருந்த ஸ்கூட்டர் எரிந்து தந்தையும் மகளும் இறந்தார்கள். அதே வாரத்தில் வடசென்னையின் மாத்தூர் மஞ்சம்பாக்கத்தில் சாலையோரம் ஒரு ஸ்கூட்டர் பற்றி எரிந்தது. அதன் பிறகே மின்வாகனப் பேட்டரிகளுக்கான ஏஐஎஸ் 156 பாதுகாப்புத் தரம் கடுமையாக்கப்பட்டு, 2022 டிசம்பர், 2023 மார்ச் என இரண்டு கட்டமாக நடைமுறைக்கு வந்தது. பேட்டரியைக் கழற்றி மாடிக்குத் தூக்கிப்போய், குழந்தைகள் தூங்கும் அறையில் சார்ஜ் போடுகிற குடும்பங்களுக்கு வெப்பநிலை எச்சரிக்கை உயிர்ப் பிரச்சினை.

ஆனால், செல்லின் வெப்பத்தை அறிய வீட்டு முகவரி எதற்கு? 2024 டிசம்பரில் ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் குழுமத்தில் நடந்தது இதற்கு நல்ல பாடம். சுமார் 8 லட்சம் மின்கார்களின் தரவு, கேட்பாரற்ற நிலையில் இணையச் சேமிப்பகத்தில் கிடந்தது. அவற்றில் பாதிக்கு மேற்பட்ட கார்கள் நின்ற இடங்களைத் துல்லியமாகக் கண்டறிய முடிந்தது. சார்ஜ் பழக்கங்களை அறிந்து பேட்டரியை மேம்படுத்தவே தரவு சேகரித்ததாக நிறுவனம் விளக்கம் சொன்னது. அமெரிக்காவிலோ ஜெனரல் மோட்டார்ஸ், 3 நொடிக்கு ஒருமுறைகூட கார்களின் இருப்பிடத்தைப் பதிவு செய்து, ஓட்டுநர்களின் பழக்கங்களை விற்றது என்று அந்நாட்டு வணிக ஆணையம் 2025 ஜனவரியில் குற்றம்சாட்டியது. அந்த விவரங்களைக் கொண்டு காப்பீட்டுக் கட்டணங்கள் உயர்த்தப்பட்டன. ஜிபிஎஸ்ஸை அணைத்துவிட்டால் போதும் என்பதும் சரியல்ல. வேகப் பதிவை மட்டும் வைத்தே ஒருவர் போய்ச் சேர்ந்த இடத்தை ஊகிக்க முடியும் என்று ரட்கர்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இலேயே காட்டியிருக்கிறார்கள்.

நம்மிடம் 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. முக்கியக் கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாத அவகாசம். தாமதத்தைவிட எனக்கு உறுத்துவது வேறொன்று. 2019ஆம் ஆண்டு மசோதாவில், ஒருவர் தன் தரவை ஒரு நிறுவனத்திடமிருந்து இன்னொருவரிடம் எடுத்துச் செல்லும் உரிமை இருந்தது. 2023 சட்டத்தில் அது காணாமல் போய்விட்டது. ஐரோப்பாவில் 2025 செப்டம்பர் முதல், இணைய வசதியுள்ள கருவியை வாங்கியவர் அது உண்டாக்கும் தரவைக் கேட்டுப் பெறலாம். தான் விரும்பும் பழுதுபார்ப்பவருக்குக் கொடுக்கச் சொல்லலாம். அந்த உரிமை நம் மெக்கானிக்குக்குத்தான் அதிகம் தேவை. பழைய வண்டி வாங்குகிறவருக்கும் அப்படியே. வண்டி விலையில் பெரும்பங்கு பேட்டரிதான். அதன் நலம் தெரியாமல் வாங்குவது கண்ணைக் கட்டிக்கொண்டு பணம் கொடுப்பது.

இதைவிடக் கொடுமை, தொலைவிலிருந்தே முடக்குவது. கடனுக்கும் வாடகைக்கும் விடப்படும் ஈ-ரிக்‌ஷா பேட்டரிகள் பலவற்றில், பணம் வராவிட்டால் எங்கோ இருந்தபடி நிறுத்திவிடும் வசதியைச் சேர்த்தே விற்கிறார்கள். ஜப்தி என்றால் நோட்டீஸ் வரும், ஆள் வருவார், நாலு பேர் சாட்சியாவது இருப்பார்கள். இங்கே சவாரிக்குக் கிளம்பும் நேரத்தில் வண்டி அசையாது. அன்றைய கூலி போச்சு. முன்னறிவிப்பு இல்லாமல், முறையிட வழியில்லாமல் ஒருவரின் பிழைப்பை நிறுத்தும் அதிகாரத்தை எந்த ஒப்பந்தப் பத்திரமும் தரக் கூடாது.

டெல்லி சட்டத்தைத் திருத்தும்வரை தமிழக அரசு கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. மின்ஸ்கூட்டர் வாங்க 2,000 இணையவழித் தொழிலாளர்களுக்குத் தலா ரூ.20,000 மானியம் தருவதாக 2025-26 நிதிநிலை அறிக்கை அறிவித்தது. உணவுப் பொட்டலத்தோடு நாளெல்லாம் சுற்றும் அவர்களைச் செயலி ஏற்கெனவே கண்காணிக்கிறது. இனி வண்டியும் கண்காணிக்கும். பேட்டரி நல அறிக்கையை உரிமையாளருக்கு இலவசமாகத் தர வேண்டும், இருப்பிடப் பதிவை அவர் சொன்னால் அழிக்க வேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகளையும் ஏற்கும் வண்டிகளுக்கே மானியம் என்று அறிவிக்க அரசுக்கு எந்தத் தடையும் இல்லை.

மூலக்கொத்தளத்துக்கு அருகிலேயே, வியாசர்பாடி பணிமனையிலிருந்து 2025 ஜூன் 30 அன்று 120 மின்பேருந்துகள் புறப்பட்டன. பேருந்துகளைத் தனியார் நிறுவனம் இயக்க, மாநகர் போக்குவரத்துக் கழகம் கிலோமீட்டர் கணக்கில் பணம் தருகிறது. இது பொதுப் பணம். எனவே, அந்தப் பேட்டரிகள் மாதாமாதம் எவ்வளவு தேய்கின்றன, எந்த வெயிலில் எவ்வளவு சூடாகின்றன என்ற கணக்கைக் கழகம் வாங்கி மக்கள் பார்வைக்கு வைக்கலாம். சென்னை வெயிலில் ஒரு பேட்டரி எத்தனை வருடம் தாங்கும் என்பதை ஸ்கூட்டர் வாங்கப் பணம் சேர்க்கிறவரும் அதைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்.