வயதை எதுவரை வெல்ல முடியும்? ரோகன் போபண்ணாவின் ஓய்வு எழுப்பும் கேள்வி

இந்திய டென்னிஸ் வீரர் ரோகன் போபண்ணா, தொழில்முறைப் போட்டிகளிலிருந்து ஓய்வு பெறுவதாக 2025 நவம்பர் 1-ஆம் தேதி அறிவித்தார். அதற்குச் சில நாள்கள் முன்பு பாரிஸ் மாஸ்டர்ஸ் இரட்டையர் பிரிவில், தம்மைவிட 17 வயது இளையவரான கஜகஸ்தானின் அலெக்ஸாண்டர் பப்ளிக்குடன் இணைந்து ஆடியதே அவரது கடைசி ஆட்டம். முதல் சுற்றிலேயே தோல்வி. ஆயினும் முடிவு இறுதி டை-பிரேக்கர் வரை நீண்டது. அப்போது அவருக்கு வயது 45.

பெரும்பாலான வீரர்கள் 35 வயதுக்குள் களத்தைவிட்டு வெளியேறிவிடும் விளையாட்டில், 45 வயதுவரை ஒருவர் எவ்வாறு தாக்குப்பிடித்தார்? மூத்த சாம்பியன் ஒருவரால் இளையோருடன் உண்மையிலேயே போட்டியிட முடியுமா? அல்லது ரசிகர்களின் அன்பும் பழைய புகழுமே அவரைக் களத்தில் நிறுத்தி வைக்கின்றனவா? போபண்ணாவின் கடைசிச் சில ஆண்டுகள் இக்கேள்விகளுக்குத் தெளிவான விடை தருகின்றன. அவ்விடையின் மறுபக்கம் இந்திய டென்னிஸுக்கு அத்தனை இனிப்பானதன்று.

மெல்போர்னில் நிகழ்ந்தது

கர்நாடக மாநிலத்தின் குடகுப் பகுதியைச் சேர்ந்த போபண்ணா, 1980 மார்ச் 4-ஆம் தேதி பிறந்தவர். 2003-இல் தொழில்முறை வீரரானார். ஒற்றையர் தரவரிசையில் முதல் 200 இடங்களுக்குள் அவரால் ஒருபோதும் நுழைய இயலவில்லை. இரட்டையர் பிரிவில் 2010-இல் பாகிஸ்தானின் அய்சாம் உல் ஹக் குரேஷியுடன் இணைந்து அமெரிக்க ஓபன் இறுதிப் போட்டிவரை சென்று, அமெரிக்காவின் பிரையன் சகோதரர்களிடம் தோற்றார். 2017-இல் கனடாவின் கேப்ரியலா டப்ரோவ்ஸ்கியுடன் பிரெஞ்சு ஓபன் கலப்பு இரட்டையர் பட்டத்தை வென்றபோது அவருக்கு வயது 37. அத்துடன் அவரது உச்சக்கட்டம் முடிந்தது என்று பலரும் கருதியிருந்தால் வியப்பில்லை.

ஆனால் அவரது சிறந்த காலம் அதன் பின்னரே வந்தது. 2023 மார்ச் மாதத்தில் ஆஸ்திரேலியாவின் மேத்யூ எப்டனுடன் இணைந்து இண்டியன் வெல்ஸ் பட்டத்தை வென்று, மாஸ்டர்ஸ் 1000 வகைத் தொடர் ஒன்றை வென்ற மிக மூத்த வீரரானார். அதே ஆண்டு இருவரும் அமெரிக்க ஓபன் இறுதிப் போட்டிக்கு முன்னேறினர். 2024 ஜனவரி 27-ஆம் தேதி மெல்போர்னில் நடைபெற்ற ஆஸ்திரேலிய ஓபன் இறுதிப் போட்டியில், இத்தாலியின் சைமன் பொலெல்லி, ஆண்ட்ரியா வவசோரி இணையை 7-6, 7-5 என வீழ்த்தினர்.

கிராண்ட் ஸ்லாம் தொடர்களில் ஆடவர் இரட்டையர் பட்டத்துக்காக அறுபதுக்கும் மேற்பட்ட முறை களமிறங்கிய பின்னர் போபண்ணாவுக்குக் கிடைத்த முதல் வெற்றி அது. 43 வயதில், தொழில்முறை வீரர்களுக்கு கிராண்ட் ஸ்லாம் திறந்துவிடப்பட்ட 1968-க்குப் பிந்தைய வரலாற்றில், ஆடவர் இரட்டையர் பட்டம் வென்ற மிக மூத்த வீரர் என்ற சாதனையும் அவர் வசமானது. இரு நாள்களில் உலகத் தரவரிசையில் முதலிடத்தையும் பிடித்தார். லியாண்டர் பயஸ், மகேஷ் பூபதி, சானியா மிர்சா ஆகியோருக்குப் பின் இரட்டையர் பிரிவில் அவ்விடத்தை எட்டிய நான்காவது இந்தியர் அவர்.

சுருங்கிய களம்

இச்சாதனையை மதிப்பிட, இரட்டையர் ஆட்டத்தின் தன்மையை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். ஒற்றையர் களத்தின் அகலம் 27 அடி. அதனை ஒருவரே காக்க வேண்டும். இரட்டையர் களத்தின் அகலம் 36 அடி. ஆனால் காப்பவர் இருவர். எனவே ஒருவரது பங்கு சுமார் 18 அடியே. ஓட வேண்டிய தூரம் குறைகிறது; வலையருகே நின்று, பந்து தரையில் படுமுன் அடித்து முடிக்கும் திறனுக்கு மதிப்பு கூடுகிறது. ஒரு புள்ளி சில அடிகளிலேயே முடிந்துவிடுகிறது.

விதிமுறைகளும் துணை நிற்கின்றன. வழக்கமான தொடர்களின் இரட்டையர் ஆட்டத்தில் 40-40 என்ற சமநிலை வந்தால், அடுத்த ஒரே புள்ளி அந்த ஆட்டக் கணக்கை முடித்துவிடும். ஆளுக்கொரு செட் வென்றால், மூன்றாவது செட்டுக்குப் பதிலாக பத்துப் புள்ளி டை-பிரேக்கர் ஆடப்படுகிறது. ஐந்து செட் ஆடும் வழக்கத்தைக் கடைசிவரை வைத்திருந்த விம்பிள்டனும் 2023 முதல் ஆடவர் இரட்டையர் பிரிவை மூன்று செட்டாகக் குறைத்துவிட்டது.

இந்தச் சூழல் யாருக்குச் சாதகம் என்பதை அந்த மெல்போர்ன் இறுதிப் போட்டியே காட்டுகிறது. போபண்ணாவுக்கு 43 வயது, எப்டனுக்கு 36, பொலெல்லிக்கு 38; நால்வரில் வவசோரி மட்டுமே முப்பதுக்குக் குறைந்தவர். அதாவது, போபண்ணா எதிர்கொண்டவர்களில் பலரும் ஒற்றையர் களத்தின் இருபது வயது இளைஞர்கள் அல்லர். அனுபவத்தை நம்பி ஆடும் நடுவயதினர். இதனால் அவரது சாதனை சிறுமைப்படுவதில்லை. அவர் வயதை எந்த இடத்தில் வென்றார் என்பது மட்டும் இதனால் துல்லியமாகிறது.

வேகமான சர்வீஸ் அவரது இளமைக்கால ஆயுதம். சர்வீஸ் என்பது எதிராளியின் பந்துக்காக ஓடாமல், நின்ற இடத்திலிருந்து அடிக்கும் ஒரே அடி. வயதால் மிகக் குறைவாகத் தேயும் திறன் அதுவே. கால்களின் வேகம் குறைந்த பின்னரும் அந்த ஆயுதம் அவரிடம் எஞ்சியிருந்தது.

முழங்கால் சொன்ன எல்லை

எனினும் களம் சுருங்கியது மட்டுமே காரணமாகிவிடாது. இரு முழங்கால்களிலும் குருத்தெலும்பு தேய்ந்து போயிருந்த நிலையில்தான் அவர் ஆடிவந்தார். வலி நிவாரணி மாத்திரைகளை நம்பியே பல ஆண்டுகள் களமிறங்கியதை அவரே வெளிப்படையாகக் கூறியுள்ளார். 2021-இல் மாதக்கணக்கில் வெற்றியே கிட்டாமல், விளையாட்டைக் கைவிடலாமா என்று எண்ணியதையும் அவர் மறைத்ததில்லை.

அத்தருணத்தில் அவருக்குக் கைகொடுத்தது ஐயங்கார் யோகா. அதிர்வு இல்லாமல், கயிறு, நாற்காலி போன்ற துணைப் பொருள்களின் உதவியுடன், ஒரே நிலையில் நீண்ட நேரம் நிலைத்திருக்கும் பயிற்சி முறை அது. தேய்ந்த மூட்டைச் சுற்றியுள்ள தசைகளை வலுப்படுத்தினால், மூட்டின் மீதான சுமையை அத்தசைகள் ஓரளவு பகிர்ந்துகொள்ளும். குருத்தெலும்பு மீண்டும் வளர்வதில்லை. ஆனால் அது இல்லாமலேயே ஆடும் உடலாகத் தம்மை அவர் பழக்கிக்கொண்டார்.

மூத்த வீரரின் சிக்கல் பெரும்பாலும் ஆட்ட நாளில் வருவதில்லை. மறுநாள் காலையில் வருகிறது. 22 வயது வீரரின் உடல் ஓர் இரவில் மீளும். நாற்பதைக் கடந்த உடலுக்கு அந்த ஓர் இரவு போதாது. கிராண்ட் ஸ்லாம் தொடரில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் என இரு வாரங்கள் ஆடி வெல்வதற்கு, ஒரு நாள் திறமையாக ஆடுவதைக் காட்டிலும் வேறொரு தகுதி தேவைப்படுகிறது.

ஜோகோவிச்சின் கணக்கு

ஒற்றையர் பிரிவில் இவ்வுண்மையை செர்பியாவின் நோவக் ஜோகோவிச் தெளிவுபடுத்துகிறார். 24 கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் பட்டங்களை வென்ற அவர், 2024 ஜூலை 14-ஆம் தேதி விம்பிள்டன் இறுதிப் போட்டியில் ஸ்பெயினின் கார்லோஸ் அல்கராஸிடம் நேர் செட்களில் தோற்றார். மூன்றே வாரங்கள் கழித்து, ஆகஸ்ட் 4-ஆம் தேதி பாரிஸ் ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் அதே அல்கராஸை 7-6, 7-6 என வென்று தங்கம் பெற்றார். முன்னது ஐந்து செட் போட்டி; பின்னது மூன்று செட் போட்டி. களத்தின் தரை வேறு, ஜூன் மாதம் நடந்த முழங்கால் அறுவை சிகிச்சையிலிருந்து அவர் மீண்டுவந்த காலம் வேறு என்பனவற்றையும் கருத்தில் கொள்ள வேண்டும். ஆயினும், குறுகிய போட்டியில் அனுபவத்துக்கு இடம் அதிகம் என்பதற்கு அது நல்ல சான்று.

2025-ஆம் ஆண்டில், 38-ஆவது வயதில், நான்கு கிராண்ட் ஸ்லாம் தொடர்களிலும் அவர் அரையிறுதியை எட்டினார். ஆஸ்திரேலியாவில் காயத்தால் முதல் செட்டுக்குப் பின் விலகினார். பிரெஞ்சு ஓபனிலும் விம்பிள்டனிலும் இத்தாலியின் யானிக் சின்னரிடமும், அமெரிக்க ஓபனில் அல்கராஸிடமும் நேர் செட்களில் தோற்றார். உலகின் மற்றெல்லா வீரர்களுக்கும் 2025-இலும் அவர் கடினமான எதிராளியாக இருந்தார். முதலிரு இளைஞர்களுக்கு மட்டும் இல்லை. ஐந்து செட் போட்டியில் தொடரின் கடைசிக் கட்டத்தில் அவ்விருவரை வெல்வது தமக்கு மிகக் கடினமாகிவிட்டதை அவரே ஒப்புக்கொண்டுள்ளார்.

வரலாறும் இதையே சொல்கிறது. ஆஸ்திரேலியாவின் கென் ரோஸ்வால் 1974-இல் 39 வயதில் விம்பிள்டன், அமெரிக்க ஓபன் இரண்டிலும் இறுதிவரை சென்றார்; இரண்டிலும் 21, 22 வயது ஜிம்மி கானர்ஸிடம் தோற்றார். அதே கானர்ஸ் 1991-இல் 39 வயதில் அமெரிக்க ஓபன் அரையிறுதியை எட்டினார்; அவரும் அங்கேயே நின்றார். மூத்தவர்கள் வாசல்வரை வருகிறார்கள். வாசலைக் கடப்பதுதான் அரிதாக நிகழ்கிறது.

இடம் கொடுத்தவரும் இடம் காத்தவரும்

மூத்த சாம்பியன் ஒருவர் நீண்ட காலம் நிலைப்பது அவரது நாட்டுக்கு எதைக் காட்டுகிறது என்பது அடுத்த கேள்வி. இதற்கு மேசைப்பந்து வீரர் சரத் கமலின் விடைபெறலை ஒப்பிடலாம். 2006-இல் மெல்போர்ன் காமன்வெல்த் போட்டியில் ஒற்றையர் தங்கம் வென்ற அவர், 16 ஆண்டுகளுக்குப் பின் 2022-இல் பர்மிங்காமில், 40 வயதில், அதே தங்கத்தை மீண்டும் வென்றார். 2025 மார்ச் மாதம் சென்னையில் தமது கடைசிச் சர்வதேசத் தொடரில் ஆடினார். அதில் அவரை வீழ்த்தியவர் ஸ்னேஹித் சுரவஜ்ஜுலா என்ற இளம் இந்திய வீரர். தாய்மண்ணில், தம் நாட்டின் அடுத்த தலைமுறையிடம் தோற்று விடைபெற்றார் சரத். அதைவிடப் பொருத்தமான நிறைவு அவருக்கு வாய்த்திருக்காது.

போபண்ணாவுக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக் போட்டிக்கு இந்திய இரட்டையர் இணையைத் தேர்ந்தெடுக்கும் நேரம் வந்தபோது, தரவரிசையின் முதல் பத்து இடங்களுக்குள் இருந்த இந்தியர் அவர் ஒருவரே. அதனால் இணையைத் தேர்வு செய்யும் உரிமை அவருக்குக் கிடைத்தது. கோவையைச் சேர்ந்த ஸ்ரீராம் பாலாஜியை அவர் தேர்ந்தெடுத்தார். முதல் சுற்றில் பிரான்ஸின் மான்ஃபில்ஸ், ரோஜர்-வாஸலின் இணையிடம் இருவரும் தோற்றனர். இந்தியாவுக்காகத் தாம் ஆடும் கடைசிப் போட்டி அதுவே என்று போபண்ணா அப்போது அறிவித்தார். ஒலிம்பிக் டென்னிஸில் இந்தியா பெற்ற ஒரே பதக்கம் 1996-இல் அட்லாண்டாவில் லியாண்டர் பயஸ் வென்ற வெண்கலம். பாரிஸிலும் அந்நிலை மாறவில்லை.

44 வயது வீரரே ஒரு நாட்டின் முதன்மை நம்பிக்கையாக இருப்பது அவருக்குப் பெருமை. அந்நாட்டின் பயிற்சி அமைப்புக்கு எச்சரிக்கை. போபண்ணாவின் வெற்றிகளைக் கொண்டாடிய ஆண்டுகளில், அவருக்குப் பின்னால் இருந்த இடைவெளி கண்ணில் படாமலே போனது.

நம்பிக்கை தரும் சில அறிகுறிகள் உள்ளன. முழங்கால் காயங்களால் ஒற்றையர் ஆட்டத்தைக் கைவிட்ட யூகி பாம்ப்ரி, 2025 அமெரிக்க ஓபனில் நியூஸிலாந்தின் மைக்கேல் வீனஸுடன் இணைந்து இரட்டையர் அரையிறுதியை எட்டினார். அப்போது அவருக்கும் வயது 33. அதே செப்டம்பரில் டேவிஸ் கோப்பையில் சுவிட்சர்லாந்தை அதன் மண்ணிலேயே இந்தியா 3-1 என வென்றது. ஐரோப்பிய அணி ஒன்றை ஐரோப்பாவில் இந்தியா வென்றது 1993-க்குப் பின் அதுவே முதல் முறை. அதில் அறிமுக ஆட்டத்திலேயே வென்றவர் மதுரையைச் சேர்ந்த தட்சிணேஸ்வர் சுரேஷ். ஒரு வெற்றி ஒரு தலைமுறையை உருவாக்கிவிடாது. எனினும், தேட வேண்டிய இடம் எது என்பதை அது காட்டுகிறது.

ஓய்வு பெறுவதற்கு ஒரு மாதம் முன்புகூட, ஜப்பானின் டகேரு யுசுகியுடன் இணைந்து டோக்கியோ தொடரின் இறுதிப் போட்டிக்கு முன்னேறியவர் போபண்ணா. எனவே மூத்த சாம்பியனால் இளையோருடன் போட்டியிட முடியுமா என்ற கேள்விக்கு, முடியும் என்பதே விடை. தம் உடலால் எது இயலும், எது இயலாது என்பதை அறிந்து, அதற்கேற்ற களத்தைத் தேர்ந்துகொள்பவரால் முடியும். அதுவும் சில காலத்துக்கு முடியும். அவர் தாங்கிப் பிடித்திருந்த இடம் இப்போது காலியாக உள்ளது. அதனை நிரப்ப வேண்டியவர்கள் இன்று பத்து, பன்னிரண்டு வயதில் மட்டையைப் பிடித்திருக்கும் சிறுவர்கள். அவர்களுக்கு இன்றே களமும் பயிற்சியும் கிடைத்தால்தான், அடுத்த முறை ஒலிம்பிக் அணியைத் தேர்ந்தெடுக்கும்போது இந்தியா நாற்பது வயதைக் கடந்த ஒருவரை மட்டும் நம்பியிருக்க நேராது.