ஓலையில்லா வழக்கு: குழந்தையின் சொல்லும் மேல்முறையீட்டு மன்றமும்

திருவெண்ணெய்நல்லூர் அவையில் சுந்தரர்மீது வழக்குரைத்த முதிய வேதியரிடம் அவையோர் மூவகைச் சான்றுகளில் ஒன்றைக் கேட்டதாகச் சேக்கிழார் கூறுகிறார். நெடுநாளாக வழங்கிவரும் ஆட்சி, எழுதப்பட்ட ஆவணம், அயலார் கண்ணாற் கண்ட காட்சி என்பன அவை. வேதியர் மூல ஓலையைக் காட்டினார், கையெழுத்து ஒப்புநோக்கப்பட்டது, வழக்கு முடிந்தது. இன்றைய உரிமையியல் நீதிமன்றமும் ஏறத்தாழ இவ்வழியேதான் செல்கிறது.

ஆனால், குழந்தைகள்மீது நிகழும் பாலியல் குற்றங்களில் இம்மூன்றில் ஒன்றும் பெரும்பாலும் இருப்பதில்லை. எழுதிவைத்துவிட்டு எவனும் இதைச் செய்வதில்லை; அயலார் பார்க்கச் செய்வதுமில்லை. திருவொற்றியூரில் மகிழமரம் சூளுறவுக்குச் சாட்சியாக நின்ற கதையை நாமறிவோம். அதே ஊரில், தாயும் தந்தையும் வேலைக்குச் சென்றபின் பகலெல்லாம் பிள்ளை தனித்திருக்கும் ஒற்றையறை வீட்டில் அப்படியொரு மரமும் இல்லை. எஞ்சி நிற்பது குழந்தையின் சொல் ஒன்றே. அச்சொல்லை நீதிமன்றம், குறிப்பாக மேல்முறையீட்டு நீதிமன்றம், எவ்வாறு எடைபோடுகிறது என்பதே நம் கேள்வி.

வடசென்னைக்கு இக்கேள்வி புதிதன்று. 2020-ஆம் ஆண்டு நவம்பரில் வண்ணாரப்பேட்டை அனைத்து மகளிர் காவல் நிலையத்திற்கு வந்த புகாரை எவரும் மறந்திருக்கவியலாது. பதின்மூன்று வயதுச் சிறுமியை உறவினர்களே பாலியல் தொழிலில் தள்ளிய வழக்கு அது. எண்ணூர்க் காவல் நிலையத்தின் ஆய்வாளர் ஒருவரும் எதிரிகளுள் இருந்தார். 2022 செப்டம்பரில் சென்னைப் போக்சோ சிறப்பு நீதிமன்றம் 21 பேரைக் குற்றவாளிகள் எனக் கண்டது. எண்மருக்கு ஆயுள் தண்டனையும் பதின்மூவருக்கு இருபதாண்டுச் சிறையும் விதித்தது. புகார் பெறவேண்டிய துறையைச் சேர்ந்தவனே எதிரிக் கூண்டில் நிற்கும்போது, ஒரு சிறுமி வாய்திறந்து பேசுவதற்கு எத்துணை வலிமை வேண்டும் என்பதை நாம் எண்ணிப் பார்க்கவேண்டும்.

விசாரணை நீதிமன்றத்தில் தண்டனை வந்தவுடன் செய்தித்தாள்களுக்கு வழக்கு முடிந்துவிடுகிறது. சட்டத்திற்கு அது பாதி வழிதான். விசாரணை நீதிபதி குழந்தையைக் கண்ணாற் காண்கிறார். அதன் தயக்கத்தையும் நடுக்கத்தையும், எந்தக் கேள்வியின்போது அது தலைகுனிந்தது என்பதையும் அறிகிறார். மேல்முறையீட்டு நீதிபதி காண்பது தட்டச்சு செய்த தாள்களை மட்டுமே. தாளில் குரல் இல்லை, தாள் அழுவதுமில்லை.

நம் உச்ச நீதிமன்றம் இதில் தெளிவற்றிருந்ததாகக் கூறவியலாது. எட்டு வயதுச் சிறுமி பாதிக்கப்பட்ட ராஜஸ்தான் வழக்கொன்றில், சிறுமியின் சொல்லை மனத்தளவில் நம்பிய செசன்ஸ் நீதிபதி, அதற்கு உறுதுணைச் சான்று வேண்டுமெனச் சட்டம் கோருவதாகக் கருதி எதிரியை விடுவித்தார். 1951 டிசம்பரில் அவ்வழக்கில் தீர்ப்புரைத்த நீதிபதி விவியன் போஸ், உறுதுணைச் சான்று கட்டாயச் சட்டவிதியன்று, அது வேண்டுமா என்பதை நீதிபதி விவேகத்தோடு கருதிப் பார்த்தால் போதும் என்றார். நிகழ்வுக்குச் சில மணி நேரத்திற்குப்பின் சிறுமி தன் தாயிடம் சொன்னதையே அவர் உறுதுணையாக ஏற்றார். 1983-ஆம் ஆண்டு குஜராத் வழக்கில் நீதிபதி தக்கர், சாட்சியின் நினைவு படச்சுருள் அன்று, சிறு முரண்களைப் பெரிதாக்கலாகாது என்று விளக்கினார். 1996-இல் பஞ்சாப் வழக்கொன்றில், பத்தாம் வகுப்பு மாணவியைக் கடத்திய கார் எந்த வகையது என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை என்பதையும் ஒரு காரணமாக்கி விசாரணை நீதிமன்றம் எதிரிகளை விடுவித்திருந்தது. உச்ச நீதிமன்றம் அதைக் கடிந்து தீர்ப்பை மாற்றியது. 2012-இல் வந்த போக்சோ சட்டம் மேலும் ஒருபடி சென்று, எதிரித் தரப்பு வழக்கறிஞர் குழந்தையை நேரே வினவாமல் நீதிபதி வாயிலாகவே வினவவேண்டும் என்றும், குழந்தையைத் திரும்பத் திரும்ப நீதிமன்றத்துக்கு அழைக்கலாகாது என்றும் விதித்தது.

ஆகவே விதிகள் உள்ளன. குறை அவ்விதிகளோடு தாள்களைப் படிக்கும் முறையில் இருக்கிறது. இதற்குச் சான்று 2025 மார்ச்சில் வெளியான உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று. குற்றம் நிகழ்ந்தது 1986-இல். கூண்டில் நின்ற சிறுமியை நிகழ்ந்தது என்னவென்று வினவியபோது அவள் பேசவில்லை. மீண்டும் வினவியபோது கண்ணீர் மட்டும் வடித்தாள் என்று விசாரணை நீதிபதி பதிவு செய்திருந்தார். மருத்துவச் சான்றும் அவளைக் கண்டெடுத்தவரின் சாட்சியமும் இருந்தமையால் 1987-இல் தண்டனை விதிக்கப்பட்டது. இருபத்தாறு ஆண்டுகள் கழித்து, 2013-இல், ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் சில பக்கங்களே கொண்ட தீர்ப்பில் எதிரியை விடுவித்தது. சிறுமி குற்றம்பற்றி ஏதும் கூறவில்லை என்பது அதன் காரணம். நீதிபதிகள் விக்ரம் நாத், சஞ்சய் கரோல் அமர்வு அதை நீக்கி, பழைய தண்டனையை மீட்டது. குழந்தையின் கண்ணீரை எதிரிக்கு ஆதாயமாக்கலாகாது என்றும், வளர்ந்தவரின் மௌனமும் குழந்தையின் மௌனமும் ஒன்றல்ல என்றும் அத்தீர்ப்பு கூறுகிறது. நீதி சரியாகத்தான் முடிந்தது. ஆனால் அதற்கு முப்பத்தொன்பது ஆண்டுகள் ஆயின. அச்சிறுமி தன் இளமை முழுவதையும் அவ்வழக்கின் நிழலிலேயே கழித்திருப்பாள்.

தமிழ் பயிற்றுவிப்போர் என்ற முறையில் நாம் கவலைகொள்ளும் இன்னொன்றும் உண்டு. காசிமேட்டுக் குழந்தை தனக்கு நேர்ந்ததைத் தன் பேச்சில், தனக்குத் தெரிந்த நான்கைந்து சொற்களில் சொல்கிறது. காவல் நிலையத்தில் அது ‘மேற்படி எதிரி’ என்று தொடங்கும் எழுத்துநடையாக மாறுகிறது. நீதிமன்றத்தில் குழந்தை மீண்டும் தன் சொற்களிலேயே பேசுகிறது. உயர் நீதிமன்றத்தில் அவையிரண்டும் ஆங்கிலத்தில் வாதிடப்படுகின்றன. முதல் வாக்குமூலத்தில் இருந்த சொல் இரண்டாவதில் இல்லை, ஆகவே முரண் என்று வாதம் எழுகிறது. அந்த முதற்சொல் குழந்தையினுடையதே அன்று, எழுத்தரினுடையது! மாமா, அங்கிள் என்று குழந்தை கூறும் உறவுப்பெயர்கள் எதிரியை அடையாளம் காட்டுவதிலேயே குழப்பம் இருப்பதுபோல் மொழிபெயர்ப்பில் தோன்றலாம். சொல்லை மாற்றியவர் ஒருவர், பழியேற்பது குழந்தை என்பது எவ்வகை அறம்?

குற்றமிழைப்பவன் பெரும்பாலும் குழந்தைக்கு அறிமுகமானவனே என்பதால் இன்னொரு சிக்கலும் எழுகிறது. வீட்டு வாடகை, கடன், உறவு என்று ஏதோவொன்று குடும்பத்தைக் கட்டிப்போடுகிறது. பெற்றோர் பிறழ்சாட்சியாகிவிடுகின்றனர், குழந்தை மட்டும் தன் சொல்லில் நிற்கிறது. தமிழ்நாட்டிலிருந்து சென்ற போக்சோ வழக்கொன்றில் தாய் பிறழ்சாட்சியான பின்னரும், சிறுமியின் சாட்சியம் ஒன்றையே நம்பத்தக்கதாகக் கொண்டு 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதிசெய்தது. தாய் கைவிட்ட இடத்திலும் சட்டம் கைவிடவில்லை என்பது ஆறுதல்.

அங்ஙனமாயின் குழந்தை சொல்வதையெல்லாம் ஆராயாமல் ஏற்கவேண்டுமா என்று நண்பர்கள் வினவக்கூடும். வேண்டியதில்லை. பெரியோரின் பகையில் குழந்தைக்குச் சொல்லிக்கொடுத்து நிறுத்துவதும் உண்டு. குற்றமற்றவன் ஒருவன் சிறையில் மடிவதும் அநீதியே. சொல்லிக்கொடுக்கப்பட்டதா என்று கூர்ந்து நோக்குமாறு உச்ச நீதிமன்றமே பலமுறை எச்சரித்துள்ளது. புலனாய்வு குறையுடையதாயின் குற்றம் எத்துணைக் கொடிதாயினும் தண்டனை நில்லாது என்பதைச் சென்னை முகலிவாக்கத்தில் 2017-இல் நிகழ்ந்த சிறுமி கொலை வழக்கு காட்டியது. கீழமை நீதிமன்றம் விதித்து உயர் நீதிமன்றம் உறுதிசெய்த மரண தண்டனையை 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் நீக்கி எதிரியை விடுவித்தது. அங்கே பேசுவதற்குக் குழந்தையே உயிருடன் இல்லை. சூழ்நிலைச் சான்றுகளின் சங்கிலி அறுந்திருந்தது. எனவே நாம் கேட்பது இரக்கம் அன்று, சரியான அளவுகோல். நிகழ்வின் மையம் உறுதியாக இருக்கிறதா என்று பாருங்கள். நாள், நேரம், சட்டையின் நிறம் ஆகியவற்றில் ஏழு வயதுப் பிள்ளையிடம் எழுத்தரின் துல்லியத்தை எதிர்பாராதீர்கள்.

இதற்கு மூன்று செயல்கள் போதும் என்பது நம் எண்ணம். குழந்தை சொன்ன சொல்லை, அது கொச்சையாயினும், அப்படியே எழுதவேண்டும். சாட்சியம் கூறும்போது குழந்தையின் மௌனத்தையும் அழுகையையும் விசாரணை நீதிபதி தவறாது குறித்துவைக்கவேண்டும். 1987-இல் அந்த நீதிபதி குறித்துவைத்திராவிடில் 2025-இல் நீதியே இல்லை. மூன்றாவதாக, பாலியல் வன்புணர்வு வழக்குகளின் மேல்முறையீடுகளை ஆறு மாதத்தில் முடிக்கவேண்டும் என்று 2018-இல் சேர்க்கப்பட்ட விதி ஏட்டளவில் நின்றுவிடாமல், எல்லாப் போக்சோ மேல்முறையீடுகளுக்கும் விரிந்து நடைமுறைக்கு வரவேண்டும்.

பெண்ணொருத்தியின் நலனுண்டபின் அவளை அறியேன் என்று பொய்ச்சூளுரைத்தவனைக் கள்ளூர் அவையத்தார் சாட்சி கேட்டுத் தெளிந்து தண்டித்ததை அகநானூறு கூறுகிறது. அவ்வூர் அவையத்திற்குத் தட்டச்சுத் தாள்கள் இல்லை. கேட்கும் செவி இருந்தது. நம் மன்றங்களுக்குத் தாள்கள் நிறைய உண்டு. அவற்றின் அடியில் ஒரு குழந்தை பேசிக்கொண்டிருக்கிறது என்பதை நினைவிற்கொண்டு படித்தால், ஓலையில்லா வழக்கிலும் அறம் பிழையாது.