உதிர்ந்த புள்ளியும் உதிராத நோயும்

உப்புநீர்த் தொட்டியில் வெண்புள்ளி நோய் கண்ட மீனுக்குப் பூண்டு கலந்த தீனி கொடுத்துப் பொறுத்திருந்தால் போதும், புள்ளிகள் தாமே உதிர்ந்துவிடும் என்று வாதிடுவோர், உதிர்வது எது என்பதைக் கவனிக்கத் தவறுகின்றனர். துடுப்பில் பொடியுப்பைத் தூவியதுபோல் தெரியும் அப்புள்ளிகள் கிரிப்டோகாரியான் இரிட்டன்ஸ் என்னும் ஒருசெல் ஒட்டுண்ணியால் உண்டாகின்றன. அது தோலிலும் செவுளிலும் ஏறத்தாழ 3 முதல் 7 நாள் வரை தின்று வளர்ந்தபின் தானே கழன்று, மணலிலோ பாறையிலோ உறைகட்டி, உள்ளே பலவாகப் பிரிந்து, மீண்டும் மீனைத் தேடி நீந்தி வருகிறது. பரந்த கடலில் அவற்றுள் பெரும்பாலானவை மீனைக் காணாமலே மடியும். நாலடித் தொட்டியில் மீனுக்குத் தப்ப வழியே இல்லை.

இந்நோய்க்கு இடும் செம்பு மருந்து பவளத்தையும் இறாலையும் கொல்லும் என்ற அவர்களது அச்சம் நியாயமானதே, ஆயினும் அது மீனைத் தனித்தொட்டிக்கு மாற்றி மருந்திடுவதற்கான காரணமே தவிர, மருந்தைக் கைவிடுவதற்கானது அன்று. மேலும், சுவிட்சர்லாந்தின் 2008ஆம் ஆண்டு விலங்குப் பாதுகாப்பு ஆணை, மீன் உட்பட நோயுற்ற விலங்குக்குத் தாமதமின்றிச் சிகிச்சை அளிக்க வேண்டும், அல்லது அதை முறைப்படி கொல்ல வேண்டும் என்று வளர்ப்பவரைப் பொறுப்பாக்குகிறது. செவுள்மூடி படபடக்க மூச்சுக்குத் திணறும் மீனை அப்படியே விட்டுவைக்க அந்த ஆணையில் இடமில்லை. மீன்கள் தனித்தொட்டியில் தேறும்வரை, பெருந்தொட்டியைப் பல வாரங்கள் மீனின்றி விட்டால்தான் எஞ்சிய ஒட்டுண்ணிகள் பற்றிக்கொள்ள உடலின்றி அழியும்.